மந்திரத்துக்குப் பெயர் வைப்பது: மானா முதல் அலோமான்சி வரை

ஃபேன்டசி கதை எழுதுகிறவர்கள் உலக வரைபடத்துக்கு அடுத்தபடியாக மெனக்கெடுவது மந்திரத்தின் பெயருக்குத்தான். எந்த மொழியிலும் இல்லாத, கேட்டதும் சிலிர்க்கிற ஒரு சொல் வேண்டும் என்று எழுத்துகளைக் குலுக்கிப் போட்டுப் பார்ப்பார்கள். ஆனால் நிலைத்து நின்ற பெயர்களைப் பிரித்துப் பார்த்தால், வெறும் குலுக்கலில் பிறந்தவை மிகக் குறைவு. பள்ளி இலக்கணத்தில் படித்த இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்ற பிரிப்பை இங்கே கொண்டுவந்தால், மந்திரப் பெயர்களில் பெரும்பாலானவை இடுகுறி வேடம் போட்ட காரணப்பெயர்கள். புரியாத மாதிரி இருக்க வேண்டும், ஆனால் எங்கோ ஒரு மூலையில் புரியவும் வேண்டும்.

சொல் எங்கிருந்து வந்தது என்று தேடுகிறவர்கள் வழக்கமாகப் பெயர்ச்சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். அந்த ஆற்றலுக்கு என்ன பெயர் என்பது முன்னுரைக்கு உதவும். அதை ஒருவன் செய்யும்போது என்ன சொல்வது என்பதுதான் நானூறு பக்கத்துக்கும் வேண்டும். வினைச்சொல் இல்லாத மந்திரம் ஒவ்வொரு சண்டைக் காட்சியிலும் ‘பயன்படுத்தினான்’, ‘பிரயோகித்தான்’ என்று நொண்டும்.

தீவிலிருந்து திரைக்கு

மானாவிலிருந்து தொடங்குவோம். வீடியோ கேம் ஆடுகிற எந்தப் பையனைக் கேட்டாலும் அர்த்தம் சொல்லிவிடுவான்: திரையின் ஓரத்தில் நீலப் பட்டை, மந்திரம் போடப் போடக் குறையும், சும்மா இருந்தால் மெல்ல நிரம்பும். சொல் என்னவோ பசிபிக் தீவுகளின் மொழிகளுக்கு உரியது. மெலனீசியாவில் சமயப்பணி செய்த ராபர்ட் ஹென்றி காட்ரிங்டன் 1891இல் வெளியிட்ட ‘மெலனீசியர்கள்’ என்ற நூல் அதை ஐரோப்பிய அறிஞர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு சமூகவியலாளர் மார்செல் மோஸ் முதலானவர்கள் உலகத்து மந்திரங்களையெல்லாம் இந்த ஒற்றைச் சொல்லை வைத்து விளக்கப் பார்த்தார்கள். கண்ணுக்குத் தெரியாத, எங்கும் பரவிய, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குப் பாயக்கூடிய சக்தி என்ற படிமம் அப்போது உருவானது. மின்சாரம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அதை எரிபொருளாக மாற்றியவர் அமெரிக்க எழுத்தாளர் லாரி நிவன். 1969இல் வந்த ‘முடிவுக்குச் சற்று முன்பு’ என்ற சிறுகதையில் ஒரு மந்திரவாதி, ஒரே இடத்தில் நெடுநாள் இருந்தால் தன் வலிமை குறைவதையும் இடம் மாறினால் திரும்புவதையும் கவனிக்கிறான். காரணம் கண்டுபிடிக்கச் சோதனை செய்கிறான். ஓர் உலோகத் தட்டை மந்திரத்தால் சுழலவிடுகிறான். வேகம் கூடிக்கொண்டே போக வேண்டும் என்பதுதான் மந்திரம். ஒரு கட்டத்தில் அந்த இடத்து மானா முழுவதும் தீர்ந்துபோகிறது, அதன்பின் அங்கே எதுவும் பலிப்பதில்லை. ஒரு தட்டு, ஒரு சோதனை, ஒரு முடிவு. மானா என்ற சொல்லுக்கு ‘தீரும்’ என்ற குணம் இங்கேதான் ஒட்டிக்கொண்டது. 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கிய ‘மேஜிக்: தி கேதரிங்’ சீட்டாட்டத்திலும் மானா நிலத்திலிருந்தே வருகிறது: சமவெளி வெள்ளை, தீவு நீலம், சதுப்பு கறுப்பு, மலை சிவப்பு, காடு பச்சை. (ஐந்து நிலம் என்றதும் நமக்குக் குறிஞ்சி, முல்லை ஞாபகம் வரும். சம்பந்தம் எதுவும் இல்லை.)

இந்தக் கதையில் ஒரு திருப்பம் இருக்கிறது. ரோஜர் கீசிங் என்ற மானிடவியலாளர் 1984இல் எழுதிய கட்டுரையில், ஓசியானிய மொழிகள் பெரும்பாலானவற்றில் மானா என்பது பெயர்ச்சொல்லே இல்லை என்று வாதிட்டார். அது நிலையைக் குறிக்கும் வினை. ‘அவனிடம் மானா இருக்கிறது’ என்பதைவிட ‘இது பலிக்கிறது’, ‘இது கைகூடியிருக்கிறது’ என்பதற்கு நெருக்கமானது. விதைத்தது விளைந்தால், வேண்டியது நடந்தால், அது மானா. பலித்தல் என்ற வினையைப் பெயராக்கி, பெயரைப் பொருளாக்கி, பொருளை அளந்து ஒரு பட்டையில் அடைத்திருக்கிறார்கள். விளையாட்டுக்கு அது வசதி. கதைக்குத் தீவுக்காரர்களின் பழைய பொருளே கூடுதல் உயிரோடு இருக்கிறது: எவ்வளவு மிச்சம் என்பதற்குப் பதில் ‘பலித்ததா, ஏன் பலிக்கவில்லை’ என்ற கேள்வி வரும்.

தமிழில் இச்சொல்லை எடுத்தாள நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தமிழாக்கும் ஆசையில் ‘ம்’ போட்டால் மானம் ஆகிவிடும். ‘மானம் தீர்ந்துவிட்டது’ என்று எழுதிப் பாருங்கள். போடாமல் விட்டால் மானாவாரி பக்கத்திலேயே நிற்கிறது. வானம் பார்த்த பூமி நினைவுக்கு வருவதைத் தடுக்க முடியாது.

மானாவுக்கு முன்பே, தாமாகச் செய்த சக்திப் பெயர்கள் 19ஆம் நூற்றாண்டில் வந்துவிட்டன. ஜெர்மன் வேதியியலாளர் கார்ல் ஃபான் ரைஷன்பாக் 1845இல் எல்லா உயிர்களிலும் ஓடும் சக்தி ஒன்றைக் கண்டதாகச் சொல்லி ‘ஓட்’ என்று பெயரிட்டார். ஓடின் என்ற நார்ஸ் கடவுளின் பெயரிலிருந்து எடுத்தது. பாரஃபினைக் கண்டறிந்த அதே மனிதர்தான். 1871இல் எட்வர்ட் புல்வர்-லிட்டன், பூமிக்கடியில் வாழும் ஓர் இனத்தின் கதையில் ‘வ்ரில்’ என்ற ஆற்றலைப் புனைந்தார். அந்தச் சொல் அப்படிப் பிடித்துக்கொண்டது: 1880களில் ஒரு மாட்டிறைச்சிச் சாறு விற்பனைக்கு வந்தபோது, மாட்டைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் தலையையும் வ்ரிலையும் ஒட்டி ‘போவ்ரில்’ என்று பெயர் வைத்தார்கள். இன்றும் அந்தப் புட்டி விற்கிறது, நாவலைப் படிக்கத்தான் ஆளில்லை. ஓட், வ்ரில் இரண்டுக்கும் வினை கிடையாது என்பதைக் கவனியுங்கள். புட்டியில் ஒட்ட வசதியான பெயர்கள்.

கிரேக்க ஒட்டுகள்

ஆங்கில ஃபேன்டசியில் பெயர் செய்யக் கைவசம் இருக்கும் மலிவான வழி, கிரேக்க ஒட்டு ஒன்றைப் பின்னால் சேர்ப்பது. அதிகம் தேய்ந்தது ‘-மான்சி’. மூலச்சொல்லான மான்டெயா என்பதற்குக் குறி சொல்லுதல் என்று பொருள். நெக்ரோமான்சி என்றால் செத்தவரை வரவழைத்துக் குறி கேட்பது. இடைக்கால லத்தீனில் எழுதியவர்கள் நெக்ரோஸ் என்ற பிணத்தை நைஜர் என்ற கறுப்போடு குழப்பி ‘நிக்ரோமான்சியா’ ஆக்கினார்கள். கறுப்பு வித்தை என்ற பேச்சு வலுப்பட அந்த எழுத்துப்பிழையும் ஒரு காரணம். பைரோமான்சி நெருப்பைப் பார்த்துக் குறி சொல்வது, ஜியோமான்சி மண்ணில் புள்ளி வைத்துக் குறி சொல்வது. ஆக, கேமில் தீப்பந்தம் எறிகிற பைரோமான்சர் உண்மையில் நெருப்பு ஜோசியர்.

இதைச் சொல்லிச் சண்டை போடுவதில் பயனில்லை, வழக்கு மாறிவிட்டது. ஆனால் ஒட்டு தேய்ந்ததால் வரும் நஷ்டம் வேறு: எந்தச் சொல்லோடும் ஒட்டும் என்பதால் எதையும் சொல்லாமல் போய்விட்டது. நீர்மான்சி, நிழல்மான்சி, எலும்புமான்சி என்று பட்டியல் நீளும்போது வாசகருக்குக் கிடைக்கும் தகவல் முன்பாதி மட்டும்தான். ‘செய்தல்’ என்று பொருள்படும் ‘-அர்ஜி’ இந்த வேலைக்குப் பொருத்தமானது. உலோகவியலுக்கான மெட்டலர்ஜியிலும், அற்புதம் செய்தலான தாமடர்ஜியிலும் இருப்பது அதுதான். தாமா என்ற அற்புதத்தை வெட்டி, நகைச்சுவை ஃபேன்டசி எழுதிய டெர்ரி பிராட்செட் ‘தாம்’ என்று மந்திரத்துக்கு ஓர் அலகே செய்தார்: ஒரு சிறிய வெள்ளைப் புறாவையோ மூன்று பில்லியர்ட்ஸ் பந்துகளையோ வரவழைக்கத் தேவையான அளவு. கிண்டல்தான். ஆனால் அளவு சொல்லாமல் ‘அபார சக்தி’ என்று எழுதுகிறவர்கள் அந்தக் கிண்டலிடம் பாடம் படிக்கலாம்.

பிராண்டன் சாண்டர்சன் 2006இல் தொடங்கிய ‘மிஸ்ட்பார்ன்’ தொடரில் மூன்று பெயர்கள்: அலோமான்சி, ஃபெருக்கெமி, ஹெமலர்ஜி. அலோ என்றால் கிரேக்கத்தில் பிற; ஆங்கிலக் காதுக்கு அதே ஒலி உலோகக் கலவைக்கான ‘அலாய்’ என்றும் விழும். ஃபெர்ரம் லத்தீனில் இரும்பு, கெமி ரசவாதத்திலிருந்து வந்தது. ஹைமா ரத்தம், அர்ஜி செய்தல். கிரேக்கமும் லத்தீனும் கலந்த கட்டுமானம் மொழியியலாளருக்கு உறுத்தும். ஆனால் வாசகருக்கு வேண்டியது போய்ச் சேர்ந்துவிடுகிறது: உலோகம், உலோகம், ரத்தம். மூன்றாவது கெட்டது என்பது விளக்கம் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

இந்தத் தொடரைப் பலர் பெயருக்காக மெச்சுகிறார்கள். உண்மையான கெட்டிக்காரத்தனம் அடுத்த அடுக்கில் இருக்கிறது. அந்த உலகத்தில் யாரும் சண்டைக்கு நடுவே ‘அலோமான்சி செய்தான்’ என்று சொல்வதில்லை. தகரத்தை ‘எரிக்கிறார்கள்’, எஃகை எரித்து ‘தள்ளுகிறார்கள்’, இரும்பை எரித்து ‘இழுக்கிறார்கள்’. விழுங்கிய உலோகம் வயிற்றில் எரிந்து தீர்கிறது என்பதால் வினைச்சொல்லே விதியையும் சொல்லிவிடுகிறது. செய்பவர்களுக்குத் தெருப்பெயர் தனி: எஃகால் தள்ளுகிறவன் காசை எறிபவன், தகரம் எரித்துக் கூர்ந்து பார்ப்பவன் தகரக்கண்ணன், செம்பு எரித்து மறைப்பவன் புகைகாரன் என்ற பாங்கில். ஏட்டுப்பெயர் ஒன்று, தெருப்பெயர் ஒன்று, இரண்டுக்கும் நடுவே எளிய வினை ஒன்று. இந்த மூன்றும் இருந்தால் மந்திரத்துக்குச் சமூகம் வந்துவிடுகிறது. பேராசிரியர் ஒன்று சொல்வார், திருடன் வேறு சொல்வான், வாசகர் வித்தியாசத்தைக் கேட்டே ஆளை அடையாளம் காண்பார்.

என்.கே. ஜெமிசின் 2015இல் ‘ஐந்தாம் பருவம்’ நாவலில் செய்தது இதைவிடக் கூர்மை. ஓரோஜெனி என்பது புவியியலில் மலைகள் உருவாவதைக் குறிக்கும் நிஜக் கலைச்சொல். பூமியின் அதிர்வைக் கட்டுப்படுத்தும் ஆற்றலுக்கு அதை அப்படியே எடுத்துக்கொண்டார். அந்த ஆற்றல் உள்ளவர் ஓரோஜீன். அவர்களை வெறுக்கிறவர்கள் சொல்லும் வசைச்சொல் ‘ரோகா’: அதே சொல்லைச் சிதைத்து, வாயில் துப்புவதுபோல் ஆக்கியது. நிலத்தின் அசைவை உடம்பால் உணர்வதற்கு ‘செஸ்’ என்று ஒரு குட்டி வினை. கலைச்சொல், வசை, வினை. கலைச்சொல் யாருடையது, வசை யாருடையது என்பதிலேயே அந்த உலகத்தின் அதிகாரம் முழுக்கத் தெரிகிறது. அந்த முத்தொகுதி 2016, 2017, 2018 என்று தொடர்ந்து மூன்று முறை, அறிவியல் புனைவுக்கும் ஃபேன்டசிக்கும் தரப்படும் ஹியூகோ விருதுகள் வாங்கியதற்குப் பெயர்கள் மட்டும் காரணமில்லைதான். ஆனால் வசைச்சொல்லையும் சேர்த்து யோசிப்பவர்கள் அபூர்வம்.

மறுகோடியில் உர்சுலா லெ குவின். 1968இல் வந்த எர்த்ஸீ நாவலில் மந்திரத்துக்குத் தனிப்பெயரே கிடையாது. விதி மட்டும் உண்டு. பொருளின் மெய்ப்பெயர் தெரிந்தால் அதன்மேல் ஆட்சி. இது பழைய நம்பிக்கை: எகிப்தியக் கதையில் ஐசிஸ், ரா கடவுளின் ரகசியப் பெயரைத் தந்திரமாகக் கறந்து சக்தி பெறுகிறாள். லெ குவின் அதை ஒரு பாடத்திட்டம் ஆக்கினார். கல்லின் மெய்ப்பெயர் ‘டோல்க்’. கல்லை வைரமாக்க வேண்டுமானால் அந்தப் பெயரை மாற்ற வேண்டும், மாற்றினால் உலகமே சற்று மாறும் என்கிறார் ஆசான். கதையில் வரும் மந்திரப் பள்ளியின் ஒன்பது ஆசான்களுக்கும் பெயர்கள் தொழிலை ஒட்டியவை: மாற்றுபவர், அழைப்பவர், பெயரிடுபவர், வாயில் காப்பவர் என்று. அத்தனையும் வினையிலிருந்தோ வேலையிலிருந்தோ பிறந்தவை. அரை நூற்றாண்டு கடந்தும் அவை பழையதாகவில்லை.

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ எழுதிய டோல்கீன் இன்னும் கூச்சப்பட்டவர். அவர் கதையில் எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியேல், ‘உங்கள் ஆட்கள் மந்திரம் என்று சொல்வது இதைத்தான் போலிருக்கிறது, அவர்கள் என்ன அர்த்தத்தில் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெளிவாகவில்லை’ என்ற பொருளில் பேசுகிறாள். செய்பவருக்கு அது மந்திரமாகவே தோன்றாது என்பது நுட்பமான பார்வை. பெயர் வைக்காமலே விடுவதும் ஒரு தேர்வு, துணிச்சல் வேண்டும்.

ஜாக் வான்ஸ் 1950இல் போட்ட பாதை வேறு. அவர் கதையின் மந்திரவாதி மாசிரியன் வெளியே கிளம்புமுன் ஐந்து மந்திரங்களைச் சிரமப்பட்டு மூளைக்குள் திணித்துக்கொள்கிறான். ஒருமுறை சொன்னால் நினைவிலிருந்து போய்விடும். பெயர்களோ மருந்துக்கடைப் புட்டிகள் மாதிரி பகட்டானவை: இன்னாருடைய சுழற்றி, இன்னாருடைய இரண்டாம் உறக்க மந்திரம், மேன்மைமிகு பட்டகச் சிதறல். கண்டுபிடித்தவர் பெயர் முன்னால் வரும்போது அந்த உலகத்துக்கு இலவசமாக ஒரு வரலாறு கிடைக்கிறது. 1974இல் வந்த ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டு இந்த முறையையும் பெயர்ப் பாங்கையும் எடுத்துக்கொண்டது. நன்றிக்கடனாக வான்ஸின் பெயரெழுத்துகளைக் கலைத்து ‘வெக்னா’ என்ற வில்லனைச் செய்தார்கள். டென்சர் என்ற மந்திரவாதியின் பெயர், அந்த விளையாட்டை உருவாக்கியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸின் மகன் எர்னஸ்டின் எழுத்துகளைக் கலைத்தது. எழுத்தைக் கலைப்பது ஆள்பெயருக்கு நன்றாக வேலை செய்கிறது. ஆற்றலின் பெயருக்கு உதவாது, ஏனென்றால் ஆள்பெயர் விளங்க வேண்டியதில்லை.

மேற்கோள்குறியைச் சொல்லின் நடுவில் செருகுவது பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். ராபர்ட் ஜோர்டானின் நாவல்களில் மந்திர ஆற்றலைப் பெருக்கும் பொருளான சா’ஆங்ரியல் தாக்குப்பிடித்ததற்குக் காரணம் அந்தக் குறி இல்லை. உள்ளே ‘சாங்ரியல்’ என்ற புனிதக் கிண்ணத்தின் பழைய பெயர் அப்படியே ஒலிக்கிறது.

தமிழில் செய்யும்போது

மேலே சொன்ன வித்தைகளில் பாதி ஆங்கில எழுத்துமுறையை நம்பியவை. அங்கே சாதாரணச் சொல்லின் முதலெழுத்தைப் பெரிதாக்கினால் போதும், அது மந்திரமாகிவிடும். தள்ளுதல், இழுத்தல், மூச்சு எல்லாம் அப்படித்தான் பெயரானவை. தமிழில் பெரிய எழுத்து கிடையாது. ஒவ்வொரு முறையும் ஒற்றை மேற்கோள் போட்டால் பக்கம் முள்வேலியாகிவிடும். முதல் வரவில் மட்டும் போட்டுவிட்டு, அடுத்த வரவிலிருந்து சொல்லின் துணையை மாற்றுவதே சரியான வழி.

சாண்டர்சனின் இன்னொரு நாவலான ‘வார்பிரேக்கர்’ இதற்கு நல்ல சோதனைக்களம். அங்கே ஒவ்வொருவரும் ஒரு மூச்சோடு பிறக்கிறார்கள். அதை இன்னொருவருக்குக் கொடுக்கலாம், விற்கலாம். தமிழில் ‘அவன் மூச்சு வாங்கினான்’ என்று எழுதினால் அவன் மாடிப்படி ஏறி இளைக்கிறான். ‘அவன் மூச்சை வாங்கினான்’ என்று ஓர் ‘ஐ’ சேர்த்தால் வியாபாரம் நடந்திருக்கிறது. ‘மூச்சு விட்டாள்’ சாதாரணம், ‘மூச்சை விட்டாள்’ சாவு, ‘மூச்சைக் கொடுத்தாள்’ மந்திரம். வேற்றுமை உருபு இங்கே பெரிய எழுத்தின் வேலையைச் செய்கிறது. மூச்சுக்குப் பதில் உயிர் என்று வைத்தால் கெட்டது: ‘உயிரை வாங்குகிறான்’ என்றால் நச்சரிக்கிறான். பெயர் தேர்ந்ததும் வாங்கு, விடு, எடு, போடு, கட்டு, பிடி ஆகிய ஆறு வினைகளோடும் ‘ஐ’ போட்டும் போடாமலும் எழுதிப் பார்த்தால் இந்தக் கண்ணிகள் வெளியே வந்துவிடும்.

புதுச்சொல் உருவாக்கினால் வேற்றுமை இன்னும் கடுமையாகச் சோதிக்கும். ‘சேடு’ என்று ஓர் ஆற்றலுக்குப் பெயர் வைக்கிறீர்கள் என்று வையுங்கள். குட்டையான, பழமை தொனிக்கிற சொல். நெடிலுக்குப் பின் ‘டு’ வந்தால் உருபேற்கும்போது இரட்டிக்கும்: காடு காட்டை, வீடு வீட்டை. ஆகவே சேடு, சேட்டை. மந்திரவாதி சேட்டையைத் தொடங்கிவிட்டான்! ‘று’வுக்கும் இதே கதி, ஆறு ஆற்றை ஆவதுபோல். ‘ம்’மில் முடிந்தால் ‘த்து’ வரும். அது பாதுகாப்பானதுதான், ஆனால் வேகம், கோபம், சோகம் என்று ஏற்கெனவே ஆயிரம் சொற்கள் அந்த வரிசையில் நிற்பதால் தனித்து ஒலிக்காது. இகரத்திலும் ஐகாரத்திலும் முடிபவை ‘ய்’ சேர்த்துக்கொண்டு சேதமில்லாமல் தப்பிக்கும். புதுப்பெயருக்கு அவையே எளிதானவை.

ஒலியில் இன்னொரு சிக்கல். ‘கபாரி’ என்று எழுதினால் முதலெழுத்தை வன்மையாகச் சொல்வதா மென்மையாகச் சொல்வதா என்று வாசகருக்குத் தெரியாது. ஆளுக்கொரு உச்சரிப்பில் படிப்பார்கள். ‘க்க’, ‘ட்ட’ என்று இரட்டித்தால் ஒலி உறுதியாகும். ‘ங்க’, ‘ண்ட’ என்று மெல்லினம் முன்னால் வந்தாலும் உறுதியாகும். ம, ந, வ, ய, ழ, ள வருகிற பெயர்களுக்கு இந்தத் தொல்லையே இல்லை. ட, ர, ல போன்றவை தமிழ்ச்சொல்லுக்கு முதலாகா என்ற பழைய விதியைத் திருப்பியும் பயன்படுத்தலாம்: கதைக்குள் வேற்றுநாட்டாரின் மந்திரங்களுக்கு மட்டும் அந்த எழுத்துகளில் தொடங்கும் பெயர்களைக் கொடுத்தால், விளக்காமலே அந்நியம் புரியும். ஜ, ஷ, ஹ சேர்ந்தால் சடங்கு வாசனை வரும். எல்லாவற்றிலும் சேர்த்தால் எதிலும் வராது.

ஒட்டு விஷயத்தில் நம்மிடம் ‘-வித்தை’, ‘-ஜாலம்’, ‘-வாதம்’, ‘-இயல்’ இருக்கின்றன. நெருப்பியல் என்றால் பாடப்புத்தகத்தின் ஏழாம் அத்தியாயம். நெருப்பு வித்தை என்றால் கூடாரத்தில் காட்டுவது. ரசவாதத்தின் தயவில் ‘-வாதம்’ கொஞ்சம் மணக்கிறது, ஆனால் மூட்டுவலியும் அரசியல் கொள்கையும் அதையே வைத்திருக்கின்றன. ஒட்டுகளை விட்டுவிட்டு வினைக்குப் போவதே மேல்.

வினைக்கு நம் பழைய இலக்கணத்திலேயே நல்ல முன்மாதிரி உண்டு. ‘நிறைமொழி மாந்தர் ஆணையிற் கிளந்த மறைமொழி தானே மந்திரம் என்ப’ என்கிறது தொல்காப்பியம். கிளத்தல் என்றால் சொல்லுதல், எடுத்துரைத்தல்; இன்று வழக்கில் இல்லை, ஆகவே காலியாக இருக்கிறது. ‘அவள் கிளந்தாள், கதவு திறந்தது’ என்று எழுதினால் விளக்கம் தேவைப்படாது. அதன் பெயர்வடிவமான கிளவியை மட்டும் தொடாதீர்கள். ஒலிப்புத்தகம் பதிவு செய்கிறவர் ளகரத்தில் சற்று வழுக்கினால், மாபெரும் கிளவியைத் தேடிப் போன வீரன் மாபெரும் கிழவியைத் தேடிப் போவான்.

தமிழ்வினையில் ஆங்கிலத்துக்கு எளிதில் வாய்க்காத வசதி, தன்வினை பிறவினை இரட்டை. அடங்கு அடக்கு, உருகு உருக்கு, சுழல் சுழற்று. ஒரே வேரில் மந்திரம் போடுகிறவனும் அதற்கு ஆளானவனும் கிடைத்துவிடுகிறார்கள். ‘அணை’யை எடுத்துக்கொள்வோம். அணைந்தது என்றால் தானே ஓய்ந்தது. அணைத்தான் என்றால் ஓயச் செய்தான், தழுவினான் என்றும் ஆகும். வலியைத் தணிக்கிறவரும் உயிரை நிறுத்துகிறவரும் ஒரே ஆற்றல் உள்ளவர்கள் என்பது கதையின் விதியானால், ‘அவர் நோயாளியை அணைத்தார்’ என்ற வாக்கியத்தில் அடுத்த வரி வரை வாசகர் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். ஆனால் பெயர்ச்சொல் கைகொடுக்காது: அணை என்றால் ஆற்றின் குறுக்கே நிற்பது, அணைப்பு என்றால் காதல் கதை. ஆகவே ஆற்றலுக்குப் பெயரே வைக்காமல் வினையை மட்டும் ஓட்ட வேண்டும். செய்பவருக்கு மரியாதைப் பெயராக ‘அணைப்பவர்’, தெருவில் பயந்தவர்கள் முணுமுணுக்கும் பெயராக ‘ஊதி’. விளக்கை ஊதி அணைக்கிறவன் என்ற பொருள் தானாக வரும், இழிவும் கூடவே வரும்.

கடன்வாங்கிய சொல் வீடு திரும்பும்போதும் கவனம் தேவை. ‘நருட்டோ’ என்ற ஜப்பானியப் படக்கதையில் சக்ரா என்பது உடலில் ஓடும் ஆற்றல். யோக மரபில் அது ஆற்றல் தங்கும் இடம். தமிழாக்கி ‘ம்’ சேர்த்துச் சக்கரம் ஆக்கினால் வண்டி ஓட ஆரம்பிக்கும். கேம் வாசகர்களுக்காக எழுதினால் ‘சக்ரா’வை அப்படியே வைத்து ‘சக்ராவை’, ‘சக்ராவால்’ என்று உருபேற்றுங்கள். யோகப் பொருளில் எழுதினால் ஆதாரம் என்ற பழைய சொல் இருக்கிறது.

கடைசியாக உரிமைப் பிரச்சினை. மானா, சக்ரா, ஓரோஜெனி போன்றவை பொதுக் கிணறு, யாரும் இறைக்கலாம். அலோமான்சி போன்ற புனைவுச்சொல் ஒருவருடைய உலகத்தின் முத்திரை. அதை எடுத்தாண்டால் வாசகர் உடனே பிடித்துவிடுவார், வழக்கும் வரலாம். ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ முதலில் ஹாபிட், என்ட், பால்ராக் என்ற டோல்கீனின் பெயர்களை அப்படியே போட்டிருந்தது. 1970களில் சட்ட நெருக்கடி வந்ததும் அவை ஹாஃப்லிங், ட்ரெயன்ட், பாலோர் ஆக மாறின. உங்கள் பெயரை முடிவு செய்யுமுன் இணையத்தில் தேடுங்கள். பெயரை மட்டும் போடாமல் ‘ஐ’, ‘ஆல்’, ‘க்கு’, ‘கள்’ சேர்த்த வடிவங்களையும், ல ள ழ மாற்றிய வடிவங்களையும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். சேடு தேடினால் ஒன்றும் தட்டுப்படாமல் போகலாம், சேட்டைதான் காட்டிக்கொடுக்கும்.